முகம் சுருங்குவதும் முகத்தைச் சுருக்குவதும்: முகச் சொற்கள் ஓர் அறிமுகம்

"அவள் முகம் சுருங்கியது."

"அவள் முகத்தைச் சுருக்கினாள்."

இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தோலில் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முதல் வாக்கியத்தில் அவளுக்கு எதுவோ தைத்திருக்கிறது. அதை மறைக்க நேரம் கிடைக்கவில்லை. இரண்டாவதில், பிடிக்கவில்லை என்பதை எதிரில் இருப்பவருக்கு அவளே தெரியப்படுத்துகிறாள். 'ங்கு' இருந்த இடத்தில் 'க்கு' வந்தது, அவ்வளவுதான். பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, அது இங்கே மனிதரின் மனசைத் திறந்து காட்டுகிறது.

முகத்தைப் பற்றித் தமிழில் எழுத வருகிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு முன், முகத்தின் பகுதிகளுக்கு என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்று ஒரு சுற்று பார்த்துவிடலாம்.

முகமும் அதன் பகுதிகளும்

'முகம்' வடமொழியிலும் இருக்கும் சொல். அங்கே அது வாயையும் குறிக்கும். எந்த மொழியில் பிறந்து எங்கே போனது என்பதில் அறிஞர்கள் ஒரே கருத்தில் இல்லை. ஆனால் தமிழில் அது நன்றாகவே வேர்விட்டுப் பரவிவிட்டது. ஆறு கடலைச் சேரும் இடம் கழிமுகம். கப்பல் வந்து நிற்கும் இடம் துறைமுகம். கட்டடத்தின் முன்பக்கம் முகப்பு, நூலின் தொடக்கம் முகவுரை. விலை ஏறுமுகம், இறங்குமுகம் என்னும்போது முகம் திசையாகிவிடுகிறது. அறிமுகம், நேர்முகம், மறைமுகம், பன்முகம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். முன்னால் இருப்பது, முதலில் தெரிவது, திரும்பியிருக்கும் பக்கம்: இந்த மூன்று பொருளும் இவற்றுக்கு அடியில் ஓடுகின்றன.

வதனம், ஆனனம் இரண்டும் செய்யுளிலும் பாட்டிலும் வருபவை. உரைநடையில் வைத்தால் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். பேச்சில் 'மூஞ்சி' உண்டு. அது விலங்கின் முகத்துக்கு உரிய சொல் என்று சிலர் கடிந்துகொள்வார்கள். ஆனால் பல வீடுகளில் "மூஞ்சியைக் கழுவிட்டு வா" என்பதில் எந்த வசையும் கிடையாது, நெருக்கம்தான் இருக்கிறது. யார் யாரிடம் சொல்கிறார் என்பதைப் பார்த்துத்தான் எடைபோட வேண்டும். 'முகரை'யும் 'முகரக்கட்டை'யும் அப்படியல்ல. கோபம் இல்லாமல், அல்லது கோபம்போல் நடிக்கும் செல்லம் இல்லாமல், அவை வாயில் வருவதில்லை.

மேலிருந்து கீழே வருவோம். நெற்றிக்குப் பழைய சொல் நுதல். நெற்றியின் இரு ஓரங்களில், கண்ணுக்கும் காதுக்கும் நடுவே, தொட்டால் துடிப்பு தெரியும் இடம் பொட்டு. கன்னப்பொறி என்றும் சொல்வார்கள். நெற்றியின் கீழே புருவம், இமை, கண். இமையை ரெப்பை என்பதும் உண்டு. இந்த இமையை வைத்துத்தான் நம் இலக்கணம் நேரத்தை அளந்தது: கண் இமைக்கும் பொழுதும் விரல் நொடிக்கும் பொழுதும் ஒரு மாத்திரை என்கிறது தொல்காப்பியம். எழுத்தின் ஒலியை அளக்க உடம்பையே அளவுகோலாக எடுத்துக்கொண்ட அந்த யோசனையை நினைத்தால் எனக்கு எப்போதும் மகிழ்ச்சியாக இருக்கும்.

கண்ணுக்குள் வெள்விழி, கருவிழி, நடுவில் கண்மணி. கண்மணிக்குப் 'பாவை' என்றும் பெயர். பாவை என்றால் பொம்மை. ஒருவர் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தால், பார்க்கிறவரின் உருவமே அங்கே ஒரு சின்னப் பொம்மையாகத் தெரியும். பேச்சில் 'பாப்பா' என்கிறோமே, அதுவும் இந்தக் குட்டி உருவம்தான். லத்தீன் மொழியிலும் கண்மணிக்கான சொல் சிறு பொம்மையைக் குறிக்கும் சொல்லே. எங்கெங்கோ இருந்த மனிதர்கள் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள்!

மூக்கில் தண்டு, நுனி, துளை என்று பிரித்துக்கொண்டால் போதும். கன்னத்துக்குக் கதுப்பு, கவுள் என்ற பழைய பெயர்கள் உண்டு. கன்னத்தின் அடியில் எலும்போடு சேர்ந்த பகுதி தாடை. எல்லாவற்றுக்கும் கீழே முன்துருத்தி இருப்பதற்குத்தான் எத்தனை பெயர்கள்: முகவாய், மோவாய், நாடி, தாவாங்கட்டை. வட்டாரத்துக்கு ஒன்றாக இவை வழங்குகின்றன, எதுவும் தப்பில்லை. கதை எழுதுகிறவர் தன் பாத்திரம் எந்தச் சொல்லைச் சொல்லும் என்று மட்டும் யோசித்தால் சரி.

கடைக்கண், கடைவாய் என்ற இரண்டையும் விட்டுவிடக் கூடாது. கடை என்றால் முனை, ஓரம். முகத்தில் நுட்பமான சேதிகள் பெரும்பாலும் இந்த ஓரங்களில்தான் நடக்கின்றன. கடைக்கண்ணால் ஒரு பார்வை, கடைவாயில் ஒரு சின்ன நெளிவு. அப்புறம் முகத்தின் மொத்த அமைப்பைச் சொல்ல முகவெட்டு, சாயல், சாடை என்ற சொற்கள் இருக்கின்றன. சாடைக்கு இரண்டு வேலை. "அம்மா சாடை" என்றால் ஒற்றுமை. "கண்சாடை" என்றால் குறிப்பு.

பூவின் வினைச்சொற்கள்

உதட்டுக்கு 'இதழ்' என்றும் பெயர். அதே சொல்தான் பூவின் இதழுக்கும். இந்த ஒற்றுமை உதட்டோடு நிற்கவில்லை. முகம் மலர்கிறது, முகம் வாடுகிறது, முகம் கூம்புகிறது; மூன்றும் செடியில் இருந்து வந்த வினைகள். விருந்தினரின் வாட்டத்தைச் சொல்ல வந்த வள்ளுவர், மோந்து பார்த்தாலே வாடும் அனிச்சப் பூவைப் பக்கத்தில் வைக்கிறார். அங்கே விருந்தினரை வாட வைப்பது ஒரு சொல் அல்ல, அடி அல்ல. வரவேற்பவரின் முகம் சற்றுத் திரிந்து போவதுதான்.

பூவுக்குச் சொன்ன வினைகளை முகத்துக்கும் சொல்லும்போது ஒரு முக்கியமான விஷயம் சேர்ந்தே வந்துவிடுகிறது. பூ தானாக மலர்கிறது. யாரும் அதற்கு உத்தரவு போடுவதில்லை. "முகம் மலர்ந்தது" என்னும்போது முகம்தான் எழுவாய். "முகத்தை மலர வைத்துக்கொண்டான்" என்று எழுதிப் பாருங்கள். உடனே சந்தேகம் வருகிறது, இவன் எதையோ மறைக்கிறான் என்று தோன்றுகிறது. நாம் ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை; ஓர் 'ஐ' வேற்றுமை உருபும் ஒரு துணைவினையும் அந்த வேலையைச் செய்துவிட்டன.

இதேபோல் இன்னும் பல இணைகள் உண்டு. முகம் இறுகியது, முகத்தை இறுக்கிக்கொண்டான். புருவம் உயர்ந்தது, புருவத்தை உயர்த்தினான். முகம் தொங்கியது, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். எனக்கு மிகவும் பிடித்த இணை உதட்டில் இருக்கிறது. அழப்போகும் குழந்தைக்கு முதலில் உதடு பிதுங்கும். கண்ணில் நீர் வருவதற்கு முன்பே கீழுதடு துடித்து வெளியே வரும். குழந்தைக்கே தெரியாமல் நடப்பது அது. ஆனால் ஒரு பெரியவர் உதட்டைப் பிதுக்கினால் "எனக்கென்ன தெரியும்" என்றோ "இது தேறாது" என்றோ பொருள். தசை ஒன்றே; ஒன்று அழுகையின் வாசல், மற்றது பதில்.

செய்கிற பக்கத்தில் மட்டுமே வாழும் வினைகளும் இருக்கின்றன. முகத்தைச் சுளித்தாள், முகத்தை நொடித்தாள், திருப்பிக்கொண்டாள், தூக்கி வைத்துக்கொண்டாள். 'முகம் சுளித்தாள்' என்று 'ஐ' இல்லாமலும் எழுதுவோம். உருபு மறைந்திருக்கிறதே தவிர, செய்கிறவள் அவள்தான். நடக்கிற பக்கத்தில் மட்டும் வாழ்பவை இன்னும் அதிகம்: முகம் வெளிறியது, சுண்டிப்போனது, களையிழந்தது, செத்துப்போனது. 'சுண்டுதல்' என்பது தண்ணீர் வற்றிக் குறுகுவது. ஏமாற்றத்துக்கு இதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரியவில்லை.

மூளையிலும் இரண்டு வழி

இது வெறும் இலக்கண விளையாட்டல்ல. முகத்தை அசைக்கும் தசைகளில் பலவும் எலும்பையும் தோலையும் இணைப்பவை. சில தோலிலேயே தொடங்கித் தோலிலேயே முடிகின்றன. அதனால்தான் சின்ன இழுப்புகூட மடிப்பாகவும் குழியாகவும் வெளியே தெரிகிறது. இந்தத் தசைகளுக்குக் கட்டளை கொண்டுவருவது மூளையில் இருந்து புறப்படும் ஏழாவது நரம்பு, அதாவது முக நரம்பு. ஆனால் அந்த நரம்புக்குக் கட்டளை வந்து சேரும் வழி ஒன்றல்ல. நாமாக அசைக்கும்போது ஒரு வழி, உணர்ச்சி அசைக்கும்போது வேறொரு வழி.

பக்கவாதம் வந்து முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்த சிலரிடம் மருத்துவர் "எங்கே, சிரிங்க பார்ப்போம்" என்றால் ஒரு பக்க உதடு அசையாது. அதே ஆளிடம் வேடிக்கையாக ஏதாவது சொன்னால், அசையாத பக்கமும் சேர்ந்து சிரித்துவிடும். மூளையில் வேறு இடம் பாதிக்கப்பட்டவர்களிடம் இது தலைகீழாக நடக்கும். கேட்டால் இரண்டு பக்கமும் சிரிக்கும். தானாக வரும் சிரிப்பு ஒரு பக்கத்தில் மட்டும் வரும். 'முகம் சுருங்கியது', 'முகத்தைச் சுருக்கினாள்' என்று மொழி பிரித்து வைத்ததை உடம்பும் பிரித்தே வைத்திருக்கிறது.

பிரெஞ்சு மருத்துவர் துஷேன் முகத்தசைகளில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்து 1862-இல் ஒரு நூல் வெளியிட்டார். கடைவாயை மேலே இழுக்கும் கன்னத் தசை நம் சொல்லைக் கேட்கும். கண்ணைச் சுற்றி வளையமாக ஓடும் தசை உண்மையான மகிழ்ச்சிக்கே அசையும் என்றார். பழகினால் சிலரால் அதையும் வரவழைக்க முடியும் என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். இருந்தாலும் "உதடு சிரிக்குது, கண்ணு சிரிக்கல" என்று நாம் பேச்சில் சொல்வதன் உடற்கூறு அதுதான். 1978-இல் அமெரிக்க உளவியலாளர்கள் பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் முக அசைவுகளுக்கு எண் கொடுத்து ஒரு முறையை வெளியிட்டார்கள். அதில் கன்னம் உயர்வது 6, கடைவாய் மேலே போவது 12. மனசாரச் சிரிக்கும் சிரிப்பு ஆறும் பன்னிரண்டும் சேர்ந்தது.

எண்கள் ஆராய்ச்சிக்கு உதவும். எழுதுகிறவருக்குச் சிரிப்பின் பெயர்கள் வேண்டும். புன்னகை என்பது புன்மை, நகை இரண்டும் சேர்ந்தது. இங்கே புன்மை என்றால் சிறுமை, சிறிய நகை. முறுவல், குறுநகை, இளநகை எல்லாம் அதன் அக்கம்பக்கத்தில் இருப்பவை. சத்தம் சேர்ந்தால் சிரிப்பு. பல் மட்டும் தெரிந்து மனசு தெரியாவிட்டால் இளிப்பு. அடக்க முடியாமல் சட்டென்று வந்தால் 'களுக்'. கூட்டமாக வந்தால் 'கொல்'. திடீரென்று பொங்கினால் 'குபீர்'. செய்த தவறு வெளியே தெரிந்துபோய்ச் சிரித்தால் அசட்டுச் சிரிப்பு, அப்போது முகத்தில் அசடு வழியும். 'வழிதல்' பாத்திரம் நிரம்பி வெளியே ஓடுவது. இதுவும் தானாக நடக்கும் வினையே.

நிறமும் கண்ணும்

கோபத்தில் முகம் சிவக்கிறது, அவமானத்தில் கறுக்கிறது, பயத்தில் வெளுக்கிறது. கோபத்திலும் வெட்கத்திலும் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிகின்றன, அச்சத்தில் சுருங்குகின்றன. அவ்வளவுதான் காரணம். ஆனால் தொல்காப்பியர் காலத்திலேயே இந்த நிறங்கள் உணர்ச்சியின் பெயர்களாக மாறிவிட்டன. கறுப்பு, சிவப்பு இரண்டும் வெகுளியை, அதாவது கோபத்தைக் குறிக்கும் என்று உரியியல் என்ற பகுதியில் சொல்லிவிட்டு, அவை நிறத்தையும் உணர்த்தும் என்று அதற்கு அடுத்துத்தான் சொல்கிறார். கருமையான முகத்தில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. ஆனாலும் 'அவர் முகம் சிவந்தது' என்று எழுதினால் யாரும் நிறத்தைத் தேடுவதில்லை, கோபத்தைத்தான் பார்க்கிறார்கள்.

கண்ணின் வினைகளில் கொஞ்சம் கவனம் வேண்டும், ஏனென்றால் மொழிபெயர்ப்புகளில் அதிகம் தடுமாறும் இடம் இது. கண்ணை உருட்டுதல் என்றால் தமிழில் மிரட்டுதல். சத்தம் போடும் பிள்ளையைப் பார்த்துப் பெரியவர் கண்ணை உருட்டினால் பிள்ளை அடங்கும். ஆங்கிலக் கதையில் சலிப்போடு கண்களை மேலே சுழற்றும் ஒருவரை 'கண்ணை உருட்டினார்' என்று எழுதிவிட்டால், வாசகர் அவர் அதட்டுகிறார் என்றே புரிந்துகொள்வார். அந்த இடத்தில் 'சலிப்போடு முகத்தைத் திருப்பினார்' என்பதோ 'உதட்டைச் சுழித்தார்' என்பதோ நமக்கு நெருங்கி வரும்.

முறைத்தல் கோபத்தோடு நேராகப் பார்ப்பது. வெறித்தல் எதையும் பார்க்காமல் பார்ப்பது. திருதிரு என்று விழிப்பவர் மாட்டிக்கொண்டவர். மலங்க மலங்க விழிப்பவர் குழம்பிப்போனவர். இப்படி இரட்டித்து வரும் சொற்கள் தமிழின் பெரிய கொடை. கடுகடு, சிடுசிடு, உம், உர் என்ற நான்கையும் கோபம் என்ற ஒரே சொல்லால் மாற்றிவிட முடியாது. உம்மென்று இருப்பவர் பேசாமல் இருக்கிறார். உர்ரென்று இருப்பவர் பேசினால் கடிப்பார். சிடுசிடுப்பவர் பேசிக்கொண்டே இருக்கிறார். கடுகடுப்பு முகத்திலேயே நிற்கிறது. அது முற்றினால் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். அதிர்ச்சியில் உறைந்துபோன முகத்துக்கோ "முகத்தில் ஈயாடவில்லை" என்பார்கள்.

எட்டு மெய்ப்பாடுகள்

உணர்ச்சிகள் எத்தனை வகை? எக்மன் முகத்தில் தெரியும் அடிப்படை உணர்ச்சிகளாக ஆறு சொன்னார்: மகிழ்ச்சி, துயரம், அச்சம், சினம், வியப்பு, அருவருப்பு. இவை உலகம் முழுவதும் ஒன்றுபோல் தெரிகின்றனவா என்பதில் இன்றும் வாதம் நடக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு சொல்கிறது: நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (சினம்), உவகை (மகிழ்ச்சி). இது முகத்துக்கு மட்டும் சொன்ன கணக்கல்ல, முழு உடம்புக்கும் சொன்னது. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நிறையப் புரிகிறது.

எட்டில் நகையும் உவகையும் தனித்தனியே நிற்பதைப் பாருங்கள். சிரிப்பு வேறு, மகிழ்ச்சி வேறு. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களங்கள் சொல்லும்போது, நகை பிறக்கும் இடங்களில் எள்ளலும் பேதைமையும் வருகின்றன. கேலியாகச் சிரிக்கிறவர் மகிழ்ச்சியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உவகையோ செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு ஆகியவற்றில் பிறக்கிறது. அதற்குச் சிரிப்பே வேண்டாம். ஆறில் இல்லாத பெருமிதமும் இங்கே உண்டு. கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்ற நான்கில் அது பிறக்கிறது. நன்றாகப் படித்து முடித்த பிள்ளையின் நிமிர்ந்த முகம் நினைவுக்கு வருகிறதா? அது மகிழ்ச்சி மட்டும் இல்லை என்று நமக்குத் தெரியும். அதற்கு ஒரு தனிப் பெயர் இருந்திருக்கிறது.

'மெய்ப்பாடு' என்ற சொல்லையும் பிரித்துப் பாருங்கள். மெய்யில் படுவது. வருத்தப்படு, வெட்கப்படு, கோபப்படு, பொறாமைப்படு என்று நாம் தினமும் சொல்வதெல்லாம் அந்தப் 'படு'தான். உணர்ச்சி நம்மேல் வந்து படுகிறது. முகம் அதைக் காட்டிவிடுகிறது. மகிழ்ந்தாலும் வெறுத்தாலும் முகம் "தான்முந் துறும்" என்று குறள் சொல்வதும் இதையே. நாம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் முகம் முந்திக்கொள்கிறது.

இனி ஒரு பாத்திரத்தின் முகத்தை எழுதும்போது இரண்டு வகை வினைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். "கடிதத்தைப் படித்ததும் அவர் முகம் சுண்டிப்போனது. எதிரில் மகள் நிற்பதைப் பார்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்." முதல் வாக்கியம் அவருக்கு நடந்தது. அடுத்தது மகளுக்காக அவர் செய்தது. கடிதத்தில் என்ன இருந்தது என்று எழுதாமலே அந்த மனிதர் நமக்குத் தெரிந்துவிட்டார்.

கடைசியாக, இதே 'ஐ' உருபு வேறொரு விதத்தில் வேலை செய்யும் ஓர் இடம். "விழாவுக்கு வந்து முகம் காட்டிவிட்டுப் போனார்" என்றால் கொஞ்ச நேரம் தலைகாட்டினார் என்று பொருள். "விழாவுக்கு வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போனார்" என்றால் பலருக்கும் வேறு பொருளும் தோன்றும்: எதிலோ மனத்தாங்கல், அதை எல்லோரும் பார்க்கும்படி செய்துவிட்டுப் போயிருக்கிறார். "அவர் முகம் கொடுத்தே பேசவில்லை" என்று யாராவது சொன்னால் அந்தக் கதை முழுவதும் உறுதியாகிவிடும்.